இருநூற்றுப் பதினான்கு கோடியும் சொச்சமும்

2147483647 என்ற எண்ணைப் பற்றி ஒரு நீண்ட பதிவு எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. நம் வழக்கப்படி கமா போட்டால் 2,14,74,83,647. வாய்விட்டுப் படித்தால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கம்தான். ரூபாயாக நினைத்தால் ஒரு மாநகராட்சியின் பட்ஜெட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் 1772 தொடங்கி 1867 வரை, தொண்ணூற்றைந்து ஆண்டுகள், உலகத்துக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரியது இதுதான்.

நிரல் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த எண் வேறொரு காரணத்தால் மனப்பாடம். அந்தக் காரணத்துக்குப் பிறகு வருகிறேன். கால்குலேட்டர் இல்லாத காலத்தில், கண்பார்வையும் ஏறக்குறையப் போய்விட்ட ஒரு மனிதர் இதை எந்த எண்ணாலும் வகுக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். அந்த உறுதி அவருக்கு எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த யாரும் அந்த வழியில் அவரோடு நடந்து போய்ப் பார்த்துவிடலாம். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

முதலில் இந்த எண்ணின் உருவம். இரண்டை முப்பத்தொரு முறை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்: 2³¹ − 1. இந்த வடிவத்தில் உள்ள எண்கள்மேல் ஒரு பழைய ஆசை மனிதர்களுக்கு உண்டு. 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁵ − 1 = 31. 2⁷ − 1 = 127. எல்லாமே பகா எண்கள். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகிவிடும். அதைப் பார்ப்பது எளிது. 2⁶ − 1 = 63 என்பதை எடுத்துக்கொண்டால், 6-ஐ 2-ஆலும் 3-ஆலும் வகுக்கலாம் என்பதாலேயே 63-ஐ 2² − 1 ஆகிய 3-ஆலும் 2³ − 1 ஆகிய 7-ஆலும் வகுத்துவிடலாம். அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்ணாகவே வந்துவிடுமா? பதினொன்றில் அந்த நம்பிக்கை உடைகிறது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இத்தாலியில் பொலோனா நகரத்துக் கணித ஆசிரியர் பியத்ரோ கட்டால்டி, 1588-க்குள் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று சரிபார்த்துவிட்டார். வர்க்கமூலம் வரையிலான எல்லாப் பகா எண்களாலும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்த உழைப்பு அது. 2¹⁹ − 1-க்கு மட்டும் 128 வகுத்தல்கள். அதோடு நின்றிருக்கலாம். 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று சொல்லிவைத்தார். 1640-இல் ஃபெர்மா என்ற கணிதர் வந்து 23-ஐயும் 37-ஐயும் உடைத்தார்: 2²³ − 1-ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1-ஐ 223 வகுக்கும். 1738-இல் ஆய்லர் என்ற கணிதர் 29-ஐ உடைத்தார். 2²⁹ − 1-ஐ 233 வகுக்கும். நான்கில் மூன்று போய்விட்டன. மிச்சமிருந்தது 31 ஒன்றுதான்.

இடையில் 1644-இல் பாரிஸ் துறவி மாரென் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் விளக்கவில்லை. பட்டியலில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. இந்த வடிவத்துப் பகா எண்களுக்கு இன்று வழங்கும் பெயர் இவருடையதுதான், மெர்சென் பகா எண்கள். உழைத்தவர் கட்டால்டி, பெயர் மெர்சென்னுக்கு. இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதி இந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தவரும் மெர்சென்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த மனிதர், ஆய்லர். 1772-இல் அவருக்கு வயது அறுபத்தைந்து. ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க் அகாதெமியில் இருந்தார். ஒரு கண் முன்பே போய்விட்டது. இன்னொன்றில் புரை வந்து, 1771-இல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் கெட்டுவிட்டது. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த நிலையில் பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், 2³¹ − 1 பகா எண்தான் என்று சொல்லிவிட்டார்.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது நமக்குத் தெரியும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை 4792 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை நாலு, ஐந்து இலக்க எண்களால் 4792 முறை, ஒரு இடத்திலும் சறுக்காமல் வகுக்க வேண்டும். கட்டால்டி போன பாதையில் போனால் இதுதான் கதி. ஆய்லர் போனது வேறு பாதை. வகுக்கத் தொடங்குமுன், எந்த எண்களுக்கு இதை வகுக்கும் தகுதியே கிடையாது என்று யோசித்தார்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 1, 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 7-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 2, 4, 1, 2, 4 என்று போகும். மூன்று அடிக்கு ஒருமுறை ஒன்றுக்குத் திரும்பிவிடுகிறது, கடிகார முள் பன்னிரண்டுக்குத் திரும்புவதுபோல. 23-ஆல் வகுத்தால் பதினொரு அடிக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ஒற்றைப் பகா எண்ணுக்கும் இப்படி ஒரு சுற்று நீளம் உண்டு. ஃபெர்மா கண்டுகொண்ட அழகான விதி என்னவென்றால், அந்தச் சுற்று நீளம் எப்போதும் 'பகா எண் கழித்தல் ஒன்று' என்பதை மீதியில்லாமல் வகுக்கும். 7-க்குச் சுற்று 3. அது 6-ஐ வகுக்கிறது. 23-க்குச் சுற்று 11. அது 22-ஐ வகுக்கிறது.

இப்போது ப என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ ப-வால் வகுத்தால் மீதி 1. அதாவது 31-ஆவது அடியில் முள் ஒன்றில் வந்து நிற்கிறது. எனவே சுற்று நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். ஆகவே சுற்று நீளம் 1 அல்லது 31. ஒன்றாக இருக்க வழியே இல்லை. 2-ஐ ப-வால் வகுத்து மீதி 1 வர வேண்டுமானால் ப என்பது 1-ஐ வகுக்க வேண்டும். எனவே சுற்று நீளம் 31-தான். விதிப்படி 31 என்பது ப − 1-ஐ வகுக்கும். ப ஒற்றை எண், அதனால் ப − 1 இரட்டை எண். ஆக 62 என்பது ப − 1-ஐ வகுக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களைத் தவிர வேறு எதுவும் இந்த எண்ணை வகுக்க முடியாது. 3, 5, 7, 11, 13 எதையும் தொட வேண்டாம். 63, 125, 187, 249 எல்லாம் பகு எண்கள். ஆகவே தகுதியுள்ள முதல் பகா எண் 311. அதற்கு முன்னால் உள்ள அத்தனை பகா எண்களும் ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் வெளியே போய்விட்டன!

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. 2³¹-க்கு மீதி 1 என்றால், அதை இரண்டால் பெருக்கினால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஒரு முழு வர்க்கத்தை ப-வால் வகுத்தால் மீதி 2 வருகிறது என்று ஆகிறது. இந்தச் சலுகை எல்லாப் பகா எண்களுக்கும் கிடையாது. 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டுமே உண்டு. இரண்டு சல்லடைகளையும் சேர்த்துப் போட்டால், ப-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும். வேறு வழியில்லை.

46340 வரை அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? 63-ஐ விட்டுவிட்டால் வெறும் 372. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளலாம். தொடக்கத்தை மட்டும் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இதில் 249, 807, 993 மூன்றின் மடங்குகள். 745, 1055 ஐந்தின் மடங்குகள். 497 என்பது 7 × 71. 559 என்பது 13 × 43. 1241 என்பது 17 × 73. மிஞ்சுவது 311, 1303, 1489. முதலாவதைப் போட்டுப் பார்ப்போம்: 2147483647-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. போகவில்லை. இப்படியே 46340 வரை போனால் உண்மையில் வகுக்க வேண்டியவை எண்பதை ஒட்டித்தான் இருக்கும். 4792 எங்கே, எண்பது எங்கே! ஆய்லர் அந்த இரண்டு வரிசைகளிலும் உள்ள பகா எண்களை எல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் வகுக்கவில்லை என்று கடிதத்தில் எழுதினார். வழக்கு முடிந்தது.

இந்தச் சல்லடையின் பலத்தை உடனே உணர 2¹³ − 1 = 8191-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலம் தொண்ணூறு சொச்சம். 26-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்கள் அதுவரை மூன்றே: 27, 53, 79. இவற்றில் 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7 வருவது 79 மட்டும். 8191-ஐ 79-ஆல் வகுத்தால் மீதி 54. முடிந்தது, 8191 பகா எண். ஒரே ஒரு வகுத்தலில் நிரூபணம். முதன்முதலில் இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். பள்ளியில் எனக்குப் பகா எண்களைச் சொல்லிக்கொடுத்தபோது வகுத்துப் பார் என்றுதான் சொன்னார்கள். வகுக்காமலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டினால், அந்தப் பிள்ளை கணக்கை விட்டு ஓடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதே ஆய்லர் 1772-க்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு எண்ணையும் இப்படித்தான் கையாண்டார். 2³² + 1 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். அதை எதுவும் வகுக்க வேண்டுமானால் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று பார்த்தால், 64-ஆல் வகுத்து மீதி 1 வர வேண்டும். 641 அந்த வடிவம், அது வகுத்துவிட்டது. 4294967297 = 641 × 6700417. ஒரே யோசனை ஒரு எண்ணுக்கு மாலை போட்டது, இன்னொன்றை உடைத்தது.

2³¹ − 1 பகா எண் என்று தெரிந்ததும் கூடவே இன்னொரு எண் பிறந்தது. 6-இன் வகுத்திகள் 1, 2, 3; கூட்டினால் 6. 28-க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தானே ஆகிவிடும் இந்த வகை எண்களை நிறைவெண் என்கிறோம். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே அப்படித்தான் வரும் என்று நிரூபித்தவர் ஆய்லர். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. எட்டாவது நிறைவெண். 1811-இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ ஒரு எண் கோட்பாட்டுப் புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண் ஒருநாளும் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். இவை வெறும் விநோதங்கள், பயனற்றவை, ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் வாதம். மனிதர்களைப் பற்றிய அந்தக் கணிப்பு தப்பிவிட்டது. பயனில்லை என்று தெரிந்தும் மெனக்கெடுகிறவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்தார்கள்.

1867-இல் பிரான்ஸின் லாண்ட்ரி, 2⁵⁹ − 1-ஐ உடைத்து 3203431780337 என்ற பகா எண்ணை எடுத்தார். நம் எண்ணின் முதலிடம் அன்றோடு போனது. 1876-இல் எதுவார் லூகா வகுத்தலையே கைவிட்டு வேறு சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் 1930-இல் லேமர் அதைச் செம்மைப்படுத்தினார். அது இப்படி: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி இரண்டைக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பச் செய்யுங்கள். அடுக்கில் இரண்டைக் கழித்து வரும் எண்ணிக்கையளவு இப்படிச் செய்தபின் பூச்சியம் வந்தால் அது பகா எண்; வராவிட்டால் இல்லை. 31 = 2⁵ − 1-க்கு மூன்று முறை: 4, அடுத்து 14, அடுத்து 194-இன் மீதி 8, அடுத்து 62, அதன் மீதி 0. முடிந்தது. 2147483647-க்கு 29 முறை செய்தால் பூச்சியத்தில் வந்து நிற்கும். 2047-க்குச் செய்து பார்த்தால் கடைசியில் 1736 வரும். பூச்சியம் இல்லை, ஆகவே பகு எண். இந்தச் சோதனை 23-ஐயும் 89-ஐயும் நமக்குச் சொல்லாது. பகா எண் இல்லை என்பதை மட்டும் சொல்லும். லூகா தன் சோதனையைக் கொண்டு 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று நிறுவினார். மெர்சென் பட்டியலில் இருந்த 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்பதும் அவர் வழியிலேயே தெரிந்தது. அதன் இரண்டு காரணிகளை, 193707721-ஐயும் 761838257287-ஐயும், அமெரிக்காவின் ஃபிராங்க் கோல் 1903-இல்தான் காட்டினார். 2⁶¹ − 1-ஐ மெர்சென் விட்டுவிட்டதை 1883-இல் கண்டுபிடித்தவர் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார்.

சரி, நம் எண்ணுக்கே திரும்புவோம். பகா எண்களை 2, 3, 5 என்று வரிசைப்படுத்தினால் இதன் இடம் 10,50,97,565. அக்கம்பக்கத்தில் நெருங்கிய சொந்தம் இல்லை. முந்தைய பகா எண் 2147483629, பதினெட்டு தள்ளி. அடுத்தது 2147483659, பன்னிரண்டு தள்ளி. இரட்டைப் பகா எண்ணாக இருக்கவும் வாய்ப்பில்லை: இரண்டைக் கழித்தால் 5-ஆல் வகுபடும், இரண்டைக் கூட்டினால் 3-ஆல் வகுபடும். 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. இவையெல்லாம் சின்னச் சின்ன அடையாளங்கள். ஆனால் ஒன்றைக் கழித்தால் வரும் 2147483646 சுவையானது. 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இவ்வளவு பெரிய எண் இத்தனை சிறிய காரணிகளாக உடைந்துபோகிறது. இது வெறும் அழகு மட்டுமல்ல, ஒரு வேலைக்கும் பயன்பட்டது.

முன்பு சொன்ன சுற்று நினைவிருக்கிறதா? 2147483647-ஆல் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே இரண்டால் பெருக்கினால் 31 அடியில் ஒன்றுக்குத் திரும்பிவிடும். இரண்டுக்குப் பதிலாக 7-ஆல் பெருக்குங்கள். 1 முதல் 2147483646 வரையிலான ஒவ்வொரு எண்ணையும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 3-க்கும் 5-க்கும் அந்தச் சக்தி இல்லை. இந்த எண்ணுக்கு அப்படி முழுச் சுற்றுப் போகும் மிகச் சிறிய எண் 7. இதைச் சரிபார்க்க முழுச் சுற்றும் நடந்து பார்க்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஏழு பகா காரணிகள் கையில் இருந்தால் ஏழே சோதனைகள் போதும். 7-இன் ஐந்தாவது அடுக்கான 16807-க்கும் அதே குணம் உண்டு, ஏனென்றால் 5 அந்தக் காரணிப் பட்டியலில் இல்லை.

கணினியில் சமவாய்ப்பு எண்கள் வேண்டும்போது இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கி மீதி எடுங்கள்: 16807, 282475249, 1622650073 என்று வரிசை போகும். பார்ப்பவர் கண்ணுக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரை, இதைவிட மோசமான எதையும் யாரும் பயன்படுத்தக் கூடாது என்ற குறைந்தபட்சத் தரமாக இதை முன்வைத்தது. சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது. ரகசியக் குறியீட்டுக்கு இது உதவாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும். இந்த எண்ணால் மீதி எடுப்பது கணினிக்கு மிக எளிது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டினால் போதும் அல்லவா? அதேபோல, 2³¹-க்கு மீதி 1 என்பதால், ஒரு பெரிய எண்ணின் பிட்டுகளை 31, 31-ஆக வெட்டிக் கூட்டினாலே மீதி வந்துவிடும். வகுத்தலே வேண்டாம்.

இனி, நிரல் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் காரணம். இரும எண் முறையில் இது முப்பத்தொரு ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. முழு எண்களை 32 பிட்டுகளில், கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து வைத்தால், அடங்கக்கூடிய உச்ச எண் இதுதான். இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் எண் திடீரென்று எதிர்க்குறி பெற்று −2147483648 ஆகிவிடும். 2014 டிசம்பரில் கொரியப் பாடகர் சையின் கேங்னம் ஸ்டைல் வீடியோ இந்த எல்லையை எட்டியது. யூடியூப் தன் எண்ணும் முறையை 64 பிட்டுக்கு மாற்றியது. 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் விநாடிகள் சரியாக 2147483647 ஆகும். 32 பிட்டில் நேரம் வைத்திருக்கும் பழைய இயந்திரங்கள் திருத்தப்படாமல் இருந்தால் அடுத்த விநாடி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்.

கணினி எல்லை என்பதால் இது பகா எண்ணாக அமைந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 8 பிட்டுக்கு எல்லை 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767. அது 7 × 31 × 151. 32 பிட்டுக்கு நம் எண். 64 பிட்டுக்கு 2⁶³ − 1. 63 பகு எண் என்பதால் அதை 7 வகுத்துவிடும், 127-உம் வகுத்துவிடும். கணினி வடிவமைப்பாளர்கள் இதற்காக ஒன்றும் செய்யவில்லை. 31 என்ற அடுக்கு பகா எண்ணாக இருந்ததும், அதற்கு மேல் 2³¹ − 1-உம் பகா எண்ணாக அமைந்ததும் எண்கள் தாமாகத் தந்த கொடை.

31 என்பதே 2⁵ − 1. அதாவது நம் எண் மெர்சென் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். இந்த இரட்டை வகையில் இன்றுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. அப்படியானால் இன்னொரு படி ஏறலாமே என்று தோன்றும். 2-ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால்? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த, இன்று தெரிந்தவற்றிலேயே பெரிய பகா எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள்தான். நாம் கேட்ட எண் அதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் நீளம். ஆனால் ஏணி இங்கே உடைகிறது. 295257526626031 என்ற பதினைந்து இலக்க எண் அதை வகுத்துவிடுகிறது. 64 கோடி இலக்க எண்ணை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. ஆய்லரின் அதே விதிப்படி, அதை வகுக்கும் எண் எதுவாயினும் 2147483647-இன் இரண்டு மடங்கால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 2 × 68745 × 2147483647. விதி அப்படியே நிற்கிறது. 8-ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டாவது விதியும் நிற்கிறது.

இதுவரை படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டால்டி 128 முறை வகுத்துச் சரிபார்த்த 2¹⁹ − 1 = 524287-ஐ ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 724. 38-ஆல் வகுத்தால் மீதி 1, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7, இந்த இரண்டும் பொருந்தும் பகா எண்களை 724 வரை தேடுங்கள். மூன்றே அகப்படும்: 191, 457, 647. மூன்று வகுத்தல்களையும் கையாலேயே போட்டுப் பாருங்கள். மீதி முறையே 183, 108, 217 வர வேண்டும்.